தொட்டில் ஆட ஓடிய வண்டி

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி டெல்லியில் கிளம்பித் தெற்கே வந்த எங்கள் ரயில், மறுநாள் விடியும் நேரத்தில் சம்பல் ஆற்றுக்கு வடக்கே பெயர் தெரியாத ஓரிடத்தில் பனிமூட்டத்துக்குள் நின்றுபோய், எட்டு மணி நேரம் நின்று, பிறகு என் மகள் ஜெசிந்தாவின் தொட்டிலை ஆட்டியதும் நகர ஆரம்பித்தது. ஆட்டியபோதெல்லாம் ஓடியது, நிறுத்தியபோதெல்லாம் நின்றது. வண்டியில் வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் இதைப் பற்றி முதல் ஒரு மணி நேரம் பேசினார்கள், அதற்குப் பிறகு யார் எப்போது ஆட்டுவது என்பதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

அந்தப் பனியை நான் சொல்லியாக வேண்டும். ஜன்னலைத் தூக்கினால் வெளியே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் வெள்ளையாக வந்து கம்பியில் முகம் வைத்து நின்றது. கையை நீட்டினால் மணிக்கட்டோடு காணாமல் போனது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி நிற்கிறது என்பதே அதன் எஞ்சின் பெருமூச்சு விட்டபோதுதான் தெரிந்தது. ஏதோ ஊரிலிருந்து ஒரு டீக்காரர் கெட்டிலோடு பனிக்குள்ளிருந்து முளைத்து, மண் கோப்பையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஓரடி பின்னால் வைத்தார், ஆள் இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பெரியவர்கள் போர்வைக்குள்ளிருந்து கண்ணை மட்டும் வெளியே விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் படம் போட்டு, அழித்து, மறுபடி போட்டார்கள்.

நான் தனியாக வந்தேன். என் கணவர் டெரன்ஸுக்கு லீவு கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் என் அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ், அது முடிந்த கையோடு பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பேச்சு. ஜெசிந்தாவுக்கு ஐந்து மாதம். அவளுக்கு முன்னால் எனக்கு எஸ்தர் என்று ஒருத்தி இருந்தாள். நாற்பத்தொன்றாம் நாள், பகல் இரண்டரை மணிக்கு, வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு என் பக்கத்தில் தூங்கினாள். நானும் தூங்கினேன். நான் மட்டும் எழுந்தேன். டாக்டர் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். அதனால் காரணத்தை நானே வைத்துக்கொண்டேன். நான் தூங்கினேன்.

அதற்குப் பிறகு பிறந்த ஜெசிந்தாவை நான் கண்ணை மூடாமல்தான் வளர்த்தேன். அவள் தூங்கும்போது மனசுக்குள் பத்து முறை அருள் நிறைந்த மரியே சொல்வேன், பத்து முடிந்ததும் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சூடு தட்டினால் அடுத்த பத்து. இப்படி ஐந்து மாதம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கோழித் தூக்கம் தூங்கியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் தலையணையில் தலை வைத்ததில்லை. டெரன்ஸ் நான் பார்க்கிறேன் என்பார். சரி என்று சொல்லிவிட்டு அவர் பார்ப்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எதிர் பெர்த்தில் வெயிலுமுத்து அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியக்காவும் இருந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்து ஆட்கள், இருபது வருஷமாக டெல்லியில் இட்லி மாவு அரைத்து விற்பவர்கள். அண்ணாச்சிக்கு இரண்டு கையிலும் மாவு ஆட்டிய புஜம். அக்காவுக்கு வாய்.

"ஏ பிள்ள, விடிஞ்சதுலருந்து கையிலயே வச்சிருக்கியே, கை கடுக்கலையா? ஒரு தொட்டில கட்டுவோம்," என்றார் அக்கா.

"பரவாயில்லைக்கா. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு," என்றேன். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கணக்கையும் தையலையும் விட அதைத்தான்: அடுத்தவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதே.

"கேட்டீகளா, இந்தப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுனா நம்ம சொத்து போயிருமாம்," என்று அக்கா புருஷனிடம் சொன்னார். அவர் ஏற்கெனவே எழுந்து சேலை கேட்டுக் கையை நீட்டியிருந்தார்.

என் பையிலிருந்த வாயில் சேலையை இரண்டாக மடித்து, இந்தப் பக்கத்து மேல் பெர்த்துக் கம்பிக்கும் அந்தப் பக்கத்துக் கம்பிக்குமாக அண்ணாச்சி தொட்டில் கட்டினார். கட்டியது போக முந்தானை மீந்து தரையில் புரண்டது. போகிற வருகிறவர்கள் மிதிப்பார்களே என்று அவர் சுற்றிப் பார்த்து, ஜன்னலுக்கு மேலே சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தொங்கிய ஒரு கைப்பிடியைக் கண்டு, அதில் முந்தானையை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சும் போட்டார். இருபது வருஷத்தில் அவர் இந்தியைத் தண்ணீராகப் பேசினாரே தவிர ஓர் எழுத்துப் படிக்கமாட்டார்; இங்கிலீஷும் அப்படியே. கைப்பிடிக்குக் கீழே எழுதியிருந்தது அந்த இரண்டு மொழியில்தான். நான் படித்திருக்க வேண்டும். நான் ஜெசிந்தாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையைக் கிடத்தி ஒரு முறை ஆட்டினேன். எட்டு மணி நேரமாக அசையாதிருந்த வண்டி, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் ஒரு தரம் முன்னால் நகர்ந்தது. மறுபடி ஆட்டினேன். மறுபடி நகர்ந்தது. ஆட்ட ஆட்ட ஓடியது. பெட்டி பெட்டியாகக் கைதட்டல் கேட்டது. பனி விலகிவிட்டதென்று நினைத்தார்கள். பனி அங்கேயேதான் இருந்தது. பத்து மரியே முடிந்து விரலை வைக்கத் தொட்டிலை நிறுத்தினேன். வண்டி நின்றது.

நாலாவது முறை இப்படி நின்றபோது பேச்சியக்கா தொட்டிலையும் ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க, இவ ஆட்டுனா போவுது, நிறுத்துனா நிக்கிது. பாத்தீகளா?"

"அதான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன். மொத வாட்டியே தோணுச்சு, சொன்னா நீ ஏசுவியேன்னு கம்முன்னு இருந்தேன்," என்றார் அண்ணாச்சி.

டிக்கெட் பரிசோதகர் துபே வந்தது அதற்குப் பிறகு. கறுப்புக் கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா. சிவப்புக் கைப்பிடியில் சேலை கட்டியிருப்பதைப் பார்த்து அவர் முகம் அந்தக் கைப்பிடியின் நிறத்துக்கே வந்தது.

"இது அபாயச் சங்கிலி. இதில் தொட்டில் கட்டினால் ஜெயில்," என்றார் இந்தியில்.

"எல்லாக் கம்பியிலயும் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க சார். இது ஒண்ணுதான் சும்மா தொங்குச்சு," என்று அண்ணாச்சியும் இந்தியில் சொன்னார், இருவரும் புரிந்துகொண்டார்கள்.

துபே முடிச்சை அவிழ்த்தார். நான் ஆட்டிக்கொண்டேதான் இருந்தேன், வண்டி நின்றது. கட்டினார், போனது. அவிழ்த்தார், நின்றது. இலாகா பரீட்சைகள் பல எழுதியவர் என்பதால் மூன்றாவது முறையும் செய்து பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து எடுத்த அபராதப் புத்தகத்தை அதே பைக்குள் வைத்துவிட்டு, குல்லாவைக் கழற்றி, முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

சோதனைகள் நடந்தன. பிள்ளைக்குப் பதில் தலையணையை வைத்து ஆட்டினார்கள், அசையவில்லை. அடுத்த தடுப்பில் ஒங்கோலுக்குப் போகிற ரமணம்மா இருந்தாள், என் வயதுதான் இருக்கும், அவளுக்கு ஒன்றரை வயதில் கொழுகொழுவென்று ஒரு மகன், இன்னும் பால்குடி மறக்காதவன், சின்னோடு என்று கூப்பிடுவாள். அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோது வண்டி போனது, ஆனால் பின்னால் போனது. ஒரு கிலோமீட்டர் பின்னால் போனபிறகுதான் கவனித்தார்கள். ரமணம்மா அவனை வாரி எடுத்து, "வீடு, இந்தப் பய, அப்பன் மாதிரியே, எல்லாம் தலைகீழ்," என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லி முதுகில் ஒன்று வைத்தாள். அதன் பிறகு வேறு யாரையும் போட்டுப் பார்க்கவில்லை.

எஞ்சின் டிரைவர் ராம்கிலாவன் சரளைக்கல்லில் நடந்தே எங்கள் பெட்டிக்கு வந்தார். நரைத்த மீசை, கையில் டார்ச். பிள்ளையின் பக்கத்தில் வருமுன் பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். குனிந்து ஜெசிந்தாவைப் பார்த்தார், தன் மேலதிகாரியைப் பார்க்கிற மாதிரி.

"முப்பத்தோரு வருஷம் முன்னாடி உட்கார்ந்து ஓட்டினேன். இந்தப் பனியில் முன்னாடி ஒன்றும் தெரியவில்லை, பின்னாடியிருந்து ஓட்டுவதும் நல்லதுதான்," என்றார். பிறகு என்னிடம், "மகளே, அடுத்தது சம்பல் பாலம். பாலத்தில் மெதுவாக ஆட்டு. ஆனால் நிறுத்தாதே."

பாலத்தில் மெதுவாக ஆட்டினேன். கீழே ஆறு இருந்ததா என்று தெரியாது. இரும்பின் சத்தம் மட்டும் மாறியது, ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஜெசிந்தா கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு கடந்தாள்.

மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் எதற்கும் பழகிவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது. கார்டு தன் வாக்கி டாக்கியில் சிக்னல் நிறத்தைச் சொன்னார். அது பெட்டி பெட்டியாக வாய்மொழியில் வந்து, மஞ்சள் என்றால் மெதுவாகவும் பச்சை என்றால் இஷ்டப்படியும் ஆட்டும்படி என்னிடம் சேர்ந்தது. முன்னால் உள்ள ஸ்டேஷன்களுக்குச் செய்தி போனது. குவாலியரில் யாரோ வெந்நீர் பிளாஸ்க் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார்கள். முகம் தெரியாத ஓர் அம்மாள் கம்பிக்குள் கைவிட்டு ஜெசிந்தாவின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டுப் பனிக்குள் போய்விட்டார். ஜான்சியில் ஒலிபெருக்கி தன் வழக்கமான குரலில் சொன்னது: குழந்தை பால் குடித்துக்கொண்டிருப்பதால் இந்த வண்டி இருபது நிமிடம் தாமதமாகப் புறப்படும், பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். பிளாட்பாரத்தில் நின்றவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. பிள்ளை குடித்து முடித்து ஏப்பம் விடட்டும் என்று போர்ட்டர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

ஆனால் வண்டி ஓடவில்லை. தத்தித் தத்தித்தான் போனது. ஏனென்றால் தொட்டிலை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. அன்று மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை நான் ஒருத்திதான் ஆட்டினேன், வலது கை ஓய்ந்தால் இடது கை, இடது கை ஓய்ந்தால் கால். பத்து மரியே முடிந்ததும் நிறுத்தி விரல் வைத்தேன். நாலு நிமிடம் ஓடும், நிற்கும். நாலு நிமிடம் ஓடும், நிற்கும். இருபத்துமூன்று பெட்டிகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். தட்டிலிருந்த டீ சிந்தும். மேல் பெர்த்தில் படுத்தவர்கள் முட்டிக்கொண்டு முனகுவார்கள். கைகொடுக்கிறோம் என்று வந்தவர்களிடம் பரவாயில்லை, பரவாயில்லை என்றேன். காலையில் ஏசி பெட்டியிலிருந்து ஸ்வெட்டர் போட்ட ஒருவர் பத்துப் பேரின் சார்பாக வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஏன் நடுநடுவுல நிறுத்துறீங்க? இப்படியே போனா ஊர் போய்ச் சேர பொங்கல் ஆயிடும். உங்களால முடியலைன்னா எங்க யார்கிட்டயாவது குடுங்க."

"சாரி சார். இனிமேல் சீக்கிரம் பார்த்துடறேன்," என்றேன்.

"என்னத்தைப் பாக்குறீங்க?"

நான் குனிந்து தொட்டிலை ஆட்டினேன். அவர் போனபிறகு பேச்சியக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வாயைக் குறைத்துப் பேசியதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"நானும் நேத்துலருந்து பாக்கேன். மூக்குல வெரல வைக்க, வைக்க, வைக்க. என்ன பிள்ள அது?"

சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இவளுக்கு முன்னால ஒருத்தி இருந்தாக்கா. நாற்பத்தொரு நாள். நான் தூங்கிட்டேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், ஆட்டிக்கொண்டேதான் சொன்னேன், வண்டி நிற்கவில்லை.

அக்கா தலையில் கையை வைக்கவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை. எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார். "கான்வென்டுல படிச்சவளுக எல்லாம் இப்படித்தான் வாய்க்குள்ள பூட்டு வச்சிருப்பாளுகளோ." பிறகு புருஷனிடம் என்னவோ சொன்னார். அண்ணாச்சி அடுத்த தடுப்பில் சொன்னார். தமிழில் கிளம்பிய செய்தி கழிப்பறை வாசலில் தெலுங்காக மாறி, பெட்டிக்குப் பெட்டி இந்தியாகவும் மராத்தியாகவும் மாறி, முன்னால் எஞ்சின் வரைக்கும் பின்னால் கார்டு வரைக்கும் போனது. போன வழியெல்லாம் பேச்சுச் சத்தம் அடங்கிக்கொண்டே போனதை நான் கேட்டேன். அரை மணி நேரம் யாரும் என்னிடம் வரவில்லை.

அதன் பிறகு துபே வந்தார். அபராதப் புத்தகத்தின் பின்பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் ஆட்டுபவர் என்று எழுதியிருந்தது. மற்றதன் தலையில் மூச்சுப் பார்ப்பவர்.

"ஒருவர் ஆட்டுவார், இன்னொருவர் தொட்டிலோடு சேர்ந்தே கையைக் கொண்டுபோய் மூக்குக்குக் கீழே வைத்திருப்பார். தொட்டிலை நிறுத்த வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு இருக்கிறது என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறும்," என்றார். அவருடைய குரலில் ரயில்வே விதிகளை வாசிக்கிற கறார் இருந்தது. "நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் பஹன்ஜி. சரியில்லை என்றால் அவர்கள் பெயரை அடித்துவிடலாம்."

முதலில் அண்ணாச்சி ஆட்டினார். மாவு ஆட்டிய கை; வண்டி எண்ணெய் போட்டதுபோல் போனது. மூச்சுக்கு அக்கா உட்கார்ந்தார். "மூச்சு இருக்கு," என்றார் அக்கா. "மூச்சு இருக்கு," என்றார்கள் அடுத்த தடுப்பில். அது அப்படியே பெட்டி பெட்டியாகப் போய், சாஸ் ஹை என்றும் ஊப்பிரி உந்தி என்றும் மாறி எஞ்சினைத் தொட்டது. ராம்கிலாவன் ஒரு சின்ன விசில் கொடுத்தார். அடுத்த நிமிடம் மறுபடி. பனிக்குள் போகிற வண்டியின் நீளம் முழுக்க ஒரு பிள்ளையின் மூச்சு வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

எத்தனை பேர் வந்தார்கள். லீவில் மானாமதுரைக்குப் போகிற ஒரு ராணுவக்காரர் அணிவகுப்புக் கணக்கில் ஆட்டி, வண்டியைத் தடதடவென்று ஓட்டி, அக்காவிடம் ஏச்சு வாங்கினார். கல்லூரிச் சுற்றுலா வந்த பெண்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். எந்தப் பாட்டுக்கு வண்டி வேகம் பிடிக்கிறது என்று பந்தயம் நடந்தது. வந்த நாளிலிருந்து பேசிக்கொள்ளாத ஒரு கணவனும் மனைவியும் பட்டியலில் எப்படியோ ஒரே வரியில் விழுந்து, அவர் ஆட்ட, அந்த அம்மாள் மூச்சுப் பார்க்க, நிமிடத்துக்கு ஒரு தரம் அந்த அம்மாள் அவரிடம் இருக்கு என்று சொல்ல வேண்டியதாயிற்று. முகத்தில் தழும்பும் கழுத்தில் தடிச் சங்கிலியுமாக, எல்லோரும் ஒதுங்கிப்போன ஓர் ஆள் வந்தார். வரும்முன் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏசி பெட்டியின் ஸ்வெட்டர்காரர் மூன்று முறை வரிசையில் நின்றார். கை கழுவும் குழாயில் எப்போதும் கூட்டம்.

ஜான்சி தாண்டிப் பனி முடிந்தது. போபாலில் எஞ்சினை மாற்றினார்கள், புது டிரைவர் வந்தார். புது எஞ்சினும் தொட்டில் ஆடாமல் நகரவில்லை. ராம்கிலாவன் வேலை முடிந்து இறங்க வேண்டியவர்; ஒரு ஸ்டேஷன், இன்னும் ஒரு ஸ்டேஷன் என்று சொல்லி நாக்பூர் வரை சாதாரணப் பயணியாகத் தொற்றிக்கொண்டு வந்து, பட்டியலில் கடைசியில் பெயர் எழுதி, தன் முறை வந்தபோது அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிவிட்டு, ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் நான் தூங்கவில்லை. மூச்சுப் பார்ப்பவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் இருக்கு என்று சொன்னபிறகும் என் விரல் தானாக ஒரு தரம் போய் வந்தது. இருபத்துநாலாம் தேதி, நாக்பூர் தாண்டி வெளிச்சம் நன்றாக வந்தபிறகு, எனக்கு எதிரே இருந்தவர்களின் முகங்கள் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல் தெரிந்தன.

"பிரிசி," என்றார் பேச்சியக்கா. என் பெயர் பிரிசில்லா. அவருக்கு அவ்வளவு தூரம் போகப் பொறுமை இல்லை. "நீ யாரை நம்பல? எங்களையா?"

"ஐயோ இல்லக்கா."

"பிள்ளையையா?"

"இல்ல."

"பிறகு?"

"என்னைத்தான்க்கா. நான் தூங்கினா என்னமோ ஆயிடும்."

அக்கா ஓர் ஆரஞ்சை உரித்தார். "சரி. நம்பாத ஆள யாராவது காவலுக்கு வைப்பாகளா? எங்க மாவு மில்லுல ஒருத்தன நம்பலேன்னா மொதல்ல அவன வீட்டுக்குத்தான் அனுப்புவோம். நீ உன்னய நம்பலல்ல? அப்ப நீ எதுக்கு முழிச்சிருக்க? படு."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று கான்வென்ட்டில் சொல்லித் தரவில்லை. யோசித்துச் சொல்லலாம் என்று தலையைச் சாய்த்தேன். தலையணை இருந்தது. யாரோ ஒரு போர்வையை எடுத்து, பிறகு இன்னொன்றையும் எடுத்து, என்மேல் போட்டார்கள். மூச்சு இருக்கு என்று ஒரு குரல் சொன்னது. அது யாருடைய மூச்சைச் சொல்கிறது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் நான் அங்கே இல்லை.

எழுந்தபோது சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து எதிர் பெர்த்தில் உட்கார்ந்திருந்தது. வெளியே பருத்திக் காடு, கண்ணுக்கு எட்டிய தூரம் வெடித்துக் கிடந்தது. வாரங்கல் தாண்டிவிட்டோம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என் ரவிக்கை பால் கட்டி நனைந்திருந்தது. ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தேன். எதிரே யாரும் இல்லை. தொட்டில் தொளதொளவென்று காலியாகத் தொங்கியது.

எஸ்தர் போன அன்று எழுந்தபோது கேட்ட அதே அமைதி எனக்குள் கேட்டது. கை கால் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. ஒரு மரியே சொல்லும் நேரம்கூட இருக்காது. பிறகு எனக்குக் கீழே ஏதோ அசைவதை உணர்ந்தேன். சக்கரங்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டில் காலியாக இருந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் இந்த இருபத்துமூன்று பெட்டிகளில் எங்கோ ஒன்றில், யாருடைய கையிலோ, அவள் ஆடிக்கொண்டிருக்கிறாள். தொட்டிலும் சிவப்புக் கைப்பிடியும் தேவைப்படாமல் எப்போதோ போய்விட்டன. பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றி அழைத்துப் போயிருக்கிறார்கள். நான் விரலை வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய வண்டி, இத்தனை டன் இரும்பு, மூன்று நாளாக அவள் மூச்சுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் மறுபடி படுத்து, பலகையில் காதை வைத்துக் கேட்டேன். சீராக ஓடியது. ஆட்டுகிற கை யாருடையதோ நல்ல கை.

அப்போது வண்டி வேகம் குறைந்தது. குறைந்துகொண்டே வந்து, ஸ்டேஷன் எதுவும் இல்லாத அந்தப் பருத்திக் காட்டு நடுவில் நின்றது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஓட வேண்டும் என்று கால் துடித்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை, ஆனால் நான் ஓடாததற்கு அது காரணமில்லை. நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் நான் இந்த வண்டியை நிறுத்தியபோது ஆயிரம் பேர் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நானும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே ஒரு பெண் பருத்தி பறிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

பின்பக்கத்திலிருந்து அது வந்தது. தூரத்தில் முதலில் புரியாத ஒரு முணுமுணுப்பு, அடுத்த பெட்டியில் மராத்தி, அதற்கடுத்து இந்தி, கழிப்பறை வாசலில் தெலுங்கு. கடைசியில் வெயிலுமுத்து அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடைபாதையில் வேகமாக வந்து, நான் முழித்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"பயந்துராத தாயி, ஒண்ணுமில்ல. பால் குடிக்கா. எஸ் த்ரீல," என்றார். பிறகு தயங்கி, "உன்ன எழுப்ப யாருக்கும் மனசு வரல. ரமணம்மாதான் மடியில போட்டா. காலையிலருந்து மூணு வாட்டி ஆச்சு. தப்பா எடுத்துக்கிராத."

அவர் பின்னாலேயே பேச்சியக்கா சின்னோடுவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். "இந்தத் தடியன்தான் தப்பா எடுத்துக்கிட்டான். அவன் பங்கு போச்சுன்னு ஊரைக் கூட்டுதான். உன் மகளுக்கு வயிறா அது, தண்ணி டேங்கா?"

நான் சிரித்தேன். மார்பு கனத்து வலித்தது, ஒன்பது மணி நேரப் பால், அதை வாங்கிக்கொள்ள வேண்டியவள் ஆறு பெட்டி தள்ளி வேறொருத்தியிடம் குடித்துக்கொண்டிருந்தாள். அதற்காக எனக்கு ஒரு துளி வருத்தம்கூட வந்தது, அந்த வருத்தம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்வது. அழ வேண்டும்போல இருந்தது. அழுவதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

"அக்கா," என்றேன், "எனக்குப் பசிக்குது. சாப்பிட ஏதாவது இருக்கா?"

வாரங்கலில் வாங்கி வைத்த தயிர்ச்சாதப் பொட்டலத்தை அக்கா பிரித்து என் மடியில் வைத்தார். மேலே மாதுளை முத்து போட்டிருந்தார்கள். நான் இரண்டாவது கவளத்தை வாயில் வைத்தபோது வண்டி ஒரு தரம் குலுங்கிக் கிளம்பியது. நான் நிமிர்ந்து பார்க்காமல் மூன்றாவது கவளத்தைப் பிசைந்தேன்.